புயல்ராசா பட்டறை வீதிக்கு வந்த கதை

எரிதீவிலிருந்து துரத்தப்பட்ட புயல்ராசா, ஈரோட்டு டவுன் பஸ்ஸில் எங்கள் ஓடைப்புதூருக்கு வந்து இறங்கியபோது, அவன் தலையில் இரும்புத் தொப்பி இருந்தது, முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு பை இருந்தது, நெஞ்சில் சிவப்பு வட்டத்தில் குறுக்குக்கோடு போட்ட ஒரு முத்திரை இருந்தது, தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் எதிலும் ஒட்டாமல் ஒரு பச்சைக்கோடு மிதந்துகொண்டிருந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்டாரா இல்லையா என்று பிற்பாடு டீக்கடையில் பெரிய வாதமே நடந்தது. கேட்டதாகவும், அதற்கு அவன் நின்ற இடத்திலேயே குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து, கடைசியில் ஒரு குதி குதித்ததாகவும், இந்த மாதிரி ஆளிடம் போய்ச் சில்லறைக்கு மல்லுக்கட்டுவது பாவம் என்று விட்டுவிட்டதாகவும் கண்டக்டர் சொன்னார். அவ்வளவு பெரிய பைக்கு லக்கேஜ் போடாமல் விட்டதுதான் அதே பஸ்ஸில் மஞ்சள் மூட்டையோடு வந்தவர்களுக்கு இருந்த ஒரே மனக்குறை.

அவன் யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராகப் பட்டறை வீதிக்குள் நுழைந்து, நடுவில் சுவர் ஓடுகிற வீட்டுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரே வீடாக இருந்ததை அப்பா போனபிறகு அண்ணனும் தங்கையும் பாகம் பிரித்தபோது எழும்பிய சுவர் அது. முன்வாசலில் ஆரம்பித்து, கூடத்தைப் பிளந்து, சமையலறையில் அடுப்பை ஒரு பக்கமும் அம்மிக்கல்லை மறுபக்கமுமாக ஒதுக்கிவிட்டு, கொல்லையில் கிணற்றங்கரைக்கு வந்து வேறு வழியில்லாமல் நின்றுபோனது. சுவருக்கு இந்தப் பக்கம் அண்ணன் சென்னியப்பன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கிறவர், பெண் பார்த்துப் பெண் பார்த்துத் தட்டிப்போய் நாற்பதைத் தாண்டியவர், மீசை மட்டும் ஐயனார் மீசை. அந்தப் பக்கம் தங்கை துளசிமணி. கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் செத்துப்போகப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள், மாவு மில் நடத்துகிறவள், மில் ஓடுகிற சத்தத்துக்கு நடுவிலும் குரலை உயர்த்தாதவள். பாகம் பிரித்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஒரே நேரத்தில் வாசல் பெருக்க வந்துவிட்டால்கூட ஒருவர் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

பேச்சிருந்த காலத்தில்தான் புயல்ராசா பிறந்தான். ஊரடங்கில் பஞ்சர் ஒட்ட வண்டியும் வராமல், மில்லுக்கு அரிசியும் வராமல், அண்ணனும் தங்கையும் ஒரே போனை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, எரிதீவு என்கிற அந்த விளையாட்டில் ஒரு கணக்கைத் திறந்து, அவனுக்குத் தொப்பி வைத்து, மேல்சட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, பேரும் வைத்தார்கள். யார் கணக்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ஒரு தட்டில் சாப்பிடும்போது எந்தப் பருக்கை யாருடையது என்று எவன் கேட்பான்?

பாகம் பிரிக்கும்போது கேட்டார்கள். வீடு, கடை, மில், பித்தளை அண்டா, அப்பாவின் சைக்கிள் எல்லாம் பேசி முடித்து, பெரியவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்த நேரத்தில், துளசிமணியின் வக்கீல் புயல்ராசாவைப் பற்றி வாயைத் திறந்தார். அதுவரைக்கும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த சென்னியப்பன், அவனை மட்டும் தரமாட்டேன் என்றார். துளசிமணியும் விடமாட்டேன் என்றாள். மஞ்சள் மண்டித் தரகர் அவிநாசியப்பன், எந்த ஊர் வழக்கையும் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடுவார் என்று பேர் எடுத்தவர், திரும்ப உட்கார்ந்தார்.

"இதென்னங்க பெரிய வம்பு? கெணத்துக்கு என்ன பண்ணுனோம்? முறை வெச்சமில்லீங்களா? அதேதான் இவனுக்கும். காலையில இருந்து மத்தியானச் சங்கு வரைக்கும் அண்ணன் முறை. சங்கு ஊதிட்டா அம்மிணி முறை. முறை வெச்சு எறச்சா எந்தக் கெணறாச்சும் கோவிச்சுக்குமா?"

எங்கள் பக்கத்தில் ஒரு கிணற்றுக்கு நாலு பங்காளிகள் இருந்தாலும் முறைவைத்துத்தான் தண்ணீர் பாயும்; அதில் தப்பு நடந்ததாக வரலாறு இல்லை. அதனால் பத்திரம் எழுதுகிறவரும் கொஞ்சமும் யோசிக்காமல், கிழக்கே கடல், மேற்கே கடல், வடக்கே கடல், தெற்கே கடல், இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட தீவில் நடமாடும் புயல்ராசா என்கிற ஆள் மேற்படி இருவருக்கும் முறைபாத்தியம் என்று எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். விளையாட்டுக் கம்பெனிக்குக் கிணறு தெரியாது என்பது எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அதன்பிறகு நகராட்சிச் சங்கு ஊதுகிற நேரத்தில் பஞ்சர் கடையில் ஒரு போன் கீழே வைக்கப்படும், மாவு மில்லில் ஒரு போன் கையில் எடுக்கப்படும். அண்ணன் விட்டுப்போன இடத்தில் தங்கை அவனை எடுத்துக்கொள்வாள். எடுத்ததும் முதலில் பையைத் திறந்து பார்ப்பாள். அதில் கட்டுத்துணியும் மருந்துப் பெட்டியும் நிரம்பியிருக்கும், சென்னியப்பன் காலையெல்லாம் புதர் புதராக ஊர்ந்துபோய்ச் சேர்த்தது; அவள் அடிபட்டுக்கொள்வாள் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் காலையில் அவர் திறந்தால் தோட்டாக்கள் நிரம்பியிருக்கும். அவர் சுடப் பயப்பட்டுத் தோட்டாவையே மறந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பையைத் தவிர அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் வேறு போக்குவரத்தே கிடையாது. அதை அவர்கள் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் மில்லுக்கு மாவு அரைக்கப் போன எல்லாப் பெண்களும் அவள் பையைத் திறக்கிறபோது முகம் போகிற போக்கைப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கைத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை கம்பெனி தடை செய்தது. ஏன் என்று சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸிலேயே அவன் வந்து இறங்கிவிட்டான்.

வீதி அவனைப் பார்த்து அதிசயப்பட்டு நிற்கவில்லை, அதற்கெல்லாம் நேரமும் இல்லை. தண்ணீர் லாரி வருகிற நேரம் அது. போலீஸ்காரர் ஒருவர் வந்து, துப்பாக்கி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, அதைக் கம்பெனியே பிடுங்கி வைத்துக்கொண்டது தெரிந்ததும், ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனார். ஆதார் இல்லாத ஆளை எந்த ரேஷன் கார்டில் சேர்ப்பது என்று கிராம நிர்வாக அலுவலர் கேட்டார், பத்திரத்தைக் காட்டியதும் முறைபாத்திய ஆளுக்கு அரைக்கிலோ சர்க்கரைதான் வரும் என்று சொல்லிவிட்டார். பெண்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கல்யாணம் ஆகிவிட்டதா?

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. கீழே கிடப்பது எதுவானாலும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வது அவனுடைய பழக்கம். கோவில் வாசலில் கழற்றிவிட்ட செருப்பெல்லாம் முதல் வெள்ளிக்கிழமையே போனது. மொட்டைமாடியில் காயவைத்த வடகம் போனது. பூட்டாத வீடாக இருந்தால் உள்ளே போய் ஒவ்வொரு பீரோவையும் திறந்து பார்த்துவிட்டு, மருந்து இருந்தால் எடுத்துக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் வருவான். சர்க்கரை வியாதிக்காரர்கள்தான் ரொம்பத் தவித்துப் போனார்கள். முதலில் ஏசினார்கள், பிறகு பூட்டுப் போட்டார்கள், அப்புறம் யாருக்கோ புத்தி வந்து, மண்டியில் லாரி ஏற்றவேண்டிய மூட்டைகளை அவன் வருகிற வழியில் தரையில் போட்டு வைத்தார்கள். அவன் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து லாரியில் கொட்டினான். அன்றிலிருந்து எங்கள் ஊரில் அவனைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் சுமைதூக்கும் சங்கத்துக்காரர்கள் மட்டும்தான்.

இங்கே வந்தபிறகும் அவன் முறை தவறவில்லை. சங்கு ஊதும்வரை இந்தக் கதவு, ஊதியபின் அந்தக் கதவு. காலையில் அவன் நடப்பதே சுவர் ஓரமாகத்தான். வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பால்காரனை உளவு பார்ப்பான், நாய் குரைத்தால் குப்புறப் படுத்துக்கொள்வான். சங்கு ஊதிவிட்டால் அதே ஆள் காம்பவுண்டு சுவர் மேலிருந்து நடுரோட்டில் குதிப்பான், லாரியை எதிர்த்து ஓடுவான், எவன் வந்தாலும் பார்த்துவிடலாம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பான். ஐயனார் மீசைக்குள் இவ்வளவு பயமும், வாய் திறக்காத துளசிமணிக்குள் இவ்வளவு துடுக்கும் இருந்ததா என்று வீதியே வாயில் கைவைத்தது. பஞ்சர் கடைக்குக் காற்றடிக்க வருகிறவர்கள், "ஏனுங் மேஸ்திரி, மரத்துக்குப் பின்னால ஆளு இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்காமல் நிற்பார்கள். அவரும் மீசையை முறுக்கிக்கொண்டு டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருப்பார்.

இப்படியே போயிருந்தால் அவன் எங்கள் ஊர் ஆளாகவே ஆகியிருப்பான். ஆனால் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற, தலைக்கு மேலிருந்த அந்தப் பச்சைக்கோடு தேய ஆரம்பித்தது. வந்தபோது ஒரு முழம் நீளம் இருந்தது ஒரு சாணாகியது, சாண் விரற்கடையாகிக்கொண்டு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்தார், கோடு அசையவில்லை. மாரியம்மன் கோவிலில் மந்திரித்தார்கள், கோடு நீளவில்லை, திருநீறுதான் அதன்மேல் படிந்தது. ஊர் முழுக்க ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: கிரகணத்தன்று விளையாடியது, மில்லில் வோல்டேஜ் ஏறி இறங்கியது, கண்ணேறு. எய்தவன் இருக்க அம்பை நொந்து என்ன பண்ணுவது என்று டீக்கடையில் பெருமூச்சு விட்டார்கள்.

சென்னியப்பன் கம்பெனிக்கு முறையீடு எழுதினார். துளசிமணியும் தனியாக எழுதினாள். பதில் வந்தது: "அன்புள்ள விளையாட்டாளரே, உங்கள் கணக்கில் விதிமீறல் நடந்துள்ளது. எந்த விதி என்பதைப் பாதுகாப்புக் காரணங்களால் சொல்ல இயலாது. முடிவு இறுதியானது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" திரும்ப எழுதினார்கள், அதே பதில் திரும்ப வந்தது. எழுதுகிறவர் மனிதர்தானா என்று கேட்டு எழுதினார் சென்னியப்பன். அதற்கும் அதே பதில்தான் வந்தது, நட்சத்திரம் மட்டும் கூடுதலாகக் கேட்டிருந்தார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஆனாலும் அவர் விடவில்லை. பஞ்சர் கடையில் வண்டிகள் வரிசையாகக் காற்று இறங்கி நின்றன.

கோடு நகத்தளவு ஆன நாளில் அவன் நடக்க முடியாமல் இரண்டு கதவுக்கும் நடுவே, சுவர் ஆரம்பிக்கிற இடத்தில் சாய்ந்துகொண்டான். அன்றைக்குத்தான் கம்பெனியில் யாரோ ஒரு மனிதர் கண்விழித்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே பதில் வந்தது. "காலையில் புதரில் ஒளிகிறவர் மத்தியானத்துக்கு மேல் மலையிலிருந்து குதிக்கிறார். இது ஒருவர் அல்ல, இருவர். ஒரு கணக்கு ஒருவருக்கே. உண்மையான உரிமையாளர் யார், திருட்டுத்தனமாகப் புகுந்தவர் யார் என்று நாளை மத்தியானத்துக்குள் தெரிவித்தால், உரிமையாளருக்குக் கணக்கு திரும்பக் கிடைக்கும். புகுந்தவர் இனி ஒருபோதும் விளையாட முடியாது."

வீதி இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்களுக்குக் கூத்தாடியும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை, இரண்டு வீட்டுக்கும் மாறி மாறிப் போய்ப் புத்தி சொன்னதுதான் மிச்சம். அவிநாசியப்பனைக் கூப்பிட்டார்கள். கிணற்றுக்கு முறை வேண்டாம் என்று சொல்கிற கம்பெனியோடு தனக்குப் பேச்சே இல்லை என்று அவர் வரமறுத்துவிட்டார். சென்னியப்பன் கதவைச் சாத்திக்கொண்டார், துளசிமணியும் சாத்திக்கொண்டாள். யார் விட்டுக்கொடுத்தாலும் அந்தப் பை ஒருத்தர் கையோடு போய்விடும். விட்டுக்கொடுக்காவிட்டால் வாசலில் கிடக்கிறவன் செத்துப்போவான். எங்களுக்கே சோறு இறங்கவில்லை, அவர்களுக்கு எப்படி இறங்கியிருக்கும்?

மறுநாள் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. இரண்டு பேர் கையிலும் போன் இருந்தது. அதில் கம்பெனியின் கடைசிப் பதில் இருந்தது: "உரிமையாளர் தன் தங்கை என்றும் தான் திருட்டுத்தனமாகப் புகுந்தவன் என்றும் அண்ணன் எழுதியுள்ளார். உரிமையாளர் தன் அண்ணன் என்றும் தான் திருட்டுத்தனமாகப் புகுந்தவள் என்றும் தங்கை எழுதியுள்ளார். இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் கணக்கு சற்று நேரத்தில் முற்றிலும் அழிக்கப்படும். நன்றி."

சென்னியப்பன் படியிறங்கி வந்தார். மீசை துடித்தது.

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? திருடீன்னு உன்ற கையால எழுதிக் குடுத்திருக்கற? என்ற தங்கச்சி திருடியா? நாளைக்கு எவனாச்சும் இதைப் படிச்சுட்டுப் பேசுனான்னா நான் அவனை என்ன பண்ணுவேன்?"

துளசிமணியின் வாய் ஒருமுறை திறந்து மூடி, மறுபடி திறந்தது.

"நீ மட்டும் என்ன எழுதுன? இத்தனை பெரிய மீசைய வெச்சுக்கிட்டுத் திருடன்னு எழுதிப்போட்டு இங்க வந்து என்னையக் கேக்கற?"

"நான் ஆம்பள, எழுதுவேன்!"

"ஆமா, ஆம்பள. மரத்துக்குப் பின்னால நிக்கற ஆம்பள."

யாரோ சிரித்துவிட்டார்கள், பக்கத்தில் நின்றவர் அவர் வாயைப் பொத்தினார். அதற்கப்புறம் எதையும் பொத்த முடியவில்லை. அண்டாவில் ஆரம்பித்தார்கள். அப்பாவின் சைக்கிளுக்குப் போனார்கள். அவள் கல்யாணத்தில் அவர் பந்தியில் கடைசியாகச் சாப்பிட்டது, அவர் கால் ஒடிந்து கிடந்தபோது அவள் கொடுத்தனுப்பிய ரசத்தை அவர் திருப்பியனுப்பியது, எல்லாம் வெளியே வந்து விழுந்தது. இத்தனை வருஷம் தண்ணீர் லாரி வருகிற நேரத்தில்கூட வாயைத் திறக்காத துளசிமணியின் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. எங்களுக்குக் காதெல்லாம் குளிர்ந்தது.

"வக்கீலைக் கூட்டிட்டு வந்தியே அம்மிணி," என்றார் சென்னியப்பன். "என்ற கதவைத் தட்டி எனக்குப் பங்கு வேணும்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டயா?"

"எதுக்குக் கேக்கோணும்? நானும் அந்த அப்பனுக்குப் பொறந்தவதான. நீயா குடுத்திருந்தீன்னா வேண்டாம் வெச்சுக்கன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். கேக்க வெச்சுட்டியே அண்ணா. அதுதான் இன்னும் ஆறமாட்டேங்குது."

அதற்குப் பதில் சென்னியப்பனின் கண்ணிலிருந்துதான் வந்தது. அப்போது சங்கு ஊதியது. ஊதி முடிந்தபோது புயல்ராசாவின் தலைக்கு மேலே கோடு இல்லை, நெஞ்சிலிருந்த முத்திரையும் இல்லை.

பெண்கள் ஐயோ என்று கத்திவிட்டார்கள். துளசிமணி ஓடிப்போய் அவன் தலையைப் பிடித்தாள், சென்னியப்பன் காலைப் பிடித்தார். ஆனால் அவன் சாகவில்லை. கோடு போய்விட்டது, அவ்வளவுதான். நம் எல்லாரையும்போல இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துச் சொல்ல முடியாத ஆளாகிவிட்டான். கண்ணைத் திறந்தான். சங்கு ஊதியாயிற்று, தங்கையின் முறை. ஆனால் அண்ணனும் கையை விடவில்லை. எந்தப் பக்கம் எழுந்து போவது என்று தெரியாமல் இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பேர் வைத்த அந்தக் காலத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அவனுக்கு முன்னால் இருந்ததை அவன் பார்த்ததே இல்லை. ஒருவரும் எதுவும் செய்யச் சொல்லாததால், தன் இஷ்டத்துக்கு, தன் வாயாலேயே முதல் வார்த்தையைச் சொன்னான்.

"எனக்குப் பசிக்குதுங்க."

துளசிமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சோறு இருக்குது. கொழம்புதான் வைக்கல. ரெண்டு நாளா எங்க வைக்கறது?"

"கொழம்பு எங்கூட்டுல இருக்குது," என்றார் சென்னியப்பன். "நேத்து வெச்சதுதான். உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும்."

"எப்பவுமே தூக்கலாத்தான இருக்கும். சுவரைத் தாண்டி வாசத்துலயே தெரியும்."

ஆளுக்கொரு கதவுக்குள் போய் ஒருத்தர் சோற்றையும் ஒருத்தர் குழம்பையும் கொண்டுவந்து, சுவர் ஆரம்பிக்கிற இடத்தில் இலையைப் போட்டு, அவன் இரும்புத் தொப்பியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, அண்ணனும் தங்கையும் பாக்கிச் சண்டையைப் போட்டு முடித்தார்கள்.